மீட்புப் பென் பூட் ஆகுதில்லையா? போர்மட் அடிக்க முதல் இதைப் பாருங்கள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு லேப்டொப் எழும்பாமல் கிடந்தால் நாலு பேர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "போர்மட் அடிச்சு விண்டோஸ் போட்டாச் சரி." கணினி எழும்பிவிடும், உண்மைதான். ஆனால் உள்ளே இருந்தது போய்விடும். எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. 2009இல் ஆல்பங்களையும் காணி உறுதிகளையும் விட்டுவிட்டு வெளியேறிய குடும்பங்கள், பிறகு கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டு, அவர்களிடம் மிஞ்சியிருந்த கலியாணப் படங்களையும் சாமத்திய வீட்டுப் படங்களையும் ஸ்கேன் பண்ணி வாங்கி, எல்லாவற்றையும் ஒரே லேப்டொப்பில் போட்டு வைத்திருக்கின்றன. இங்கே அதற்கு வேறு பிரதி கிடையாது. ஆகவே மீட்புப் பென்னின் (விழுந்த கணினியைப் பூட் பண்ண, அதாவது எழுப்ப, பாவிக்கும் யூஎஸ்பி பென்னின்) முதல் வேலை விண்டோஸைத் திருத்துவது இல்லை, உள்ளே இருக்கிறதைப் பத்திரமாக வெளியே எடுப்பது. கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த வரிசையில்தான் போகும்.

என் பென்னில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 32 ஜிபி பென், அதில் வென்டோய் (பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்னில் இருந்து தொடக்கும் மென்பொருள்; ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக அடக்கியது), அதற்குள் லினக்ஸ் மிண்ட் (பென்னில் இருந்தே ஓடும் இலவச இயங்குதளம்), சிஸ்டம்ரெஸ்கியூ (மீட்பு வேலைக்கென்றே செய்த லினக்ஸ்), விண்டோஸ் 11 நிறுவும் ஐஎஸ்ஓ, மெம்டெஸ்ட்86+ (ராமைச் சோதிப்பது). வென்டோயின் நன்மை, ஐஎஸ்ஓக்களைச் சும்மா கொப்பி பண்ணிப் போட்டால் காணும், ஒவ்வொரு தடவையும் பென்னை அழித்து எழுதத் தேவையில்லை. ஒரு ஐஎஸ்ஓ மட்டும் வேண்டும் என்றால் அதைப் பென்னில் எழுதும் ரூஃபஸ் என்ற மென்பொருளே போதும்.

பயோஸுக்குள் (கணினி தொடங்கும் விதத்தை மாற்றும் அமைப்புத் திரைக்குள்) கை வைக்க முதல் ஒரு விஷயம். கணினி இன்னும் ஓடுகிறது என்றால், அல்லது வேறு யாராவது அந்தக் கணினியின் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போக முடியும் என்றால், பிட்லொக்கரின் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியின்) மீட்பு விசையை முதலில் எடுத்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஏன் என்று கீழே வரும்.

எழுதும்போதே பிழை வருகிறது, அல்லது எழுதி முடிந்தும் பாதியில் நிற்கிறது

முதலில் ஐஎஸ்ஓவைச் சந்தேகப்படுங்கள். மிண்ட் கிட்டத்தட்ட 3 ஜிபி, விண்டோஸ் 11 ஐந்து ஜிபிக்கு மேல். சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஏறி இறங்கும் இடத்தில், இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுத்தால், விடிய எழும்பிப் பார்க்கும்போது ஃபைல் முழுதாக இருப்பதுபோல்தான் தெரியும். இதற்கு நான் சொல்லும் வழி டொரண்ட். லினக்ஸ் ஐஎஸ்ஓக்களுக்கு அதிகாரபூர்வ டொரண்ட் இருக்கிறது, அறுந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்துக்கொள்ளும். நேரடியாக இறக்கியதாக இருந்தால், அல்லது ஒரு நண்பர் டவுனில் இறக்கிப் போனில் போட்டுக் கொண்டுவந்ததாக இருந்தால், ஷா256 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி ஒன்று) ஒப்பிடுங்கள். விண்டோஸில் செவன்-ஜிப் இருந்தால் ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து அதிலேயே எடுக்கலாம், ரூஃபஸிலும் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. இறக்கிய தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒரு எழுத்துக்கூடப் பிசகக்கூடாது. பிசகினால் திரும்ப இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஐஎஸ்ஓ சரி, ஆனாலும் பிழை என்றால் அடுத்தது பென். சந்தையில் 1 டிபி, 2 டிபி என்று அச்சடித்து மலிவாக விற்கும் பென்கள் இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபி சிப்தான். கணினி கேட்டால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி எழுதியிருப்பார்கள். முதல் சில ஜிபி வடிவாக எழுதும், அதற்கு மேலே போடுவது எல்லாம் காற்றில் போகும், அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே போய் விழும். சிறிய ஐஎஸ்ஓ ஒன்று பூட் ஆகும், நாலாவதாகப் போட்டது பாதியில் நிற்கும், அதுதான் அறிகுறி. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருளைப் பென்னில் ஓட விட்டால் முழு இடத்தையும் எழுதி, திரும்ப வாசித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். லினக்ஸில் அதே வேலைக்கு எஃப்3 இருக்கிறது. மெதுவான வேலைதான், ஆனால் புதுப் பென் வாங்கினால் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். இன்னொருவருடைய படங்களைத் தாங்கப்போகிற பென் அது.

எழுதி முடிந்தது என்று திரை சொன்னதும் பென்னைப் பிடுங்கும் பழக்கத்தையும் விடுங்கள். மலிவுப் பென் ஒன்று செக்கனுக்கு 5 எம்பி எழுதினால் 6 ஜிபிக்கு 20 நிமிடம் பிடிக்கும். திரையில் நூறு வீதம் வந்த பிறகும் பென்னின் வெளிச்சம் மினுங்கிக்கொண்டு இருந்தால் இன்னும் எழுதுகிறது என்றுதான் அர்த்தம்.

"ஃபைல் பெரிது, கொப்பி பண்ண முடியாது" என்கிறது

ஃபேட்32 என்ற முறையில் போர்மட் பண்ணிய பென்னில் 4 ஜிபிக்கு மேல் ஒரு தனி ஃபைல் ஏறாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் இன்ஸ்டோல்.விம் என்ற ஃபைல் அந்த அளவைத் தாண்டிவிடும். கையால் கொப்பி பண்ணாமல் ரூஃபஸால் எழுதினால் அது என்டிஎஃப்எஸ் (பெரிய ஃபைலையும் தாங்கும் முறை) பகுதியில் போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன யூஇஎஃப்ஐ (புதிய கணினிகளில் பழைய பயோஸின் இடத்தில் இருப்பது) பகுதியையும் வைத்துச் சமாளித்துவிடும். மைக்ரோசொஃப்ட்டின் சொந்த மீடியா கிரியேஷன் டூலும் சரி, அது ஃபைலை இன்னும் இறுக்கிச் சுருக்கி 4 ஜிபிக்குள் அடக்கிவிடுகிறது. வென்டோயில் இந்தப் பிரச்சினையே வராது.

வீட்டில் இருக்கிறதே ஒரு கணினி, அதுதான் விழுந்து கிடக்கிறது

இது இங்கே நிறையப் பேருடைய நிலை. பென் எழுத இன்னொரு கணினி வேண்டும், பக்கத்து வீட்டிலும் இல்லை, மாங்குளத்துக்கோ புதுக்குடியிருப்புக்கோ போக வேண்டும். அன்ட்ரொயிட் போன் இருந்தால் போதும். ஓடிஜி வயர் (போனில் பென்னைக் குத்த உதவுவது) ஒன்றும், எட்ச்டிராய்டு என்ற இலவசச் செயலியும் இருந்தால் லினக்ஸ் ஐஎஸ்ஓவை நேரே போனில் இருந்து பென்னுக்கு எழுதலாம், போனை ரூட் பண்ணத் தேவையில்லை. விண்டோஸ் ஐஎஸ்ஓவை அப்படி எழுத முடியாது, அதற்காக மினக்கெடாதீர்கள். படங்களை வெளியே எடுக்க மிண்ட் ஒன்றே காணும். போனில் சார்ஜ் நிறைய வைத்துவிட்டு, எழுதி முடியும்வரை போனை மேசையில் அசையாமல் விடுங்கள், ஓடிஜி வயர் கொஞ்சம் அசைந்தாலும் தொடர்பு அறும்.

பூட் பட்டியலே வருகுதில்லை, அல்லது வந்தாலும் அதில் பென்னைக் காணவில்லை

விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்றால் விசைகளோடு சண்டை பிடிக்க வேண்டாம். ஷிஃப்டை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள், வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதற்குள் பென் தெரியும். விண்டோஸ் விழுந்துவிட்டது என்றால் பவரைப் போட்டதும் டெல், லெனோவோ, ஏசரில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசுஸ் லேப்டொப்பில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப்11. ஒரு தடவை அமத்திவிட்டுக் காத்திருக்காமல் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். சில லேப்டொப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து அமத்த வேண்டும். லெனோவோ ஐடியாபேட்களில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும், கணினி நின்றிருக்கும்போது அதற்குள் குத்தினாலும் பட்டியல் வரும். ஏசரில் எஃப்12 பல நேரம் அடைத்து வைக்கப்பட்டிருக்கும், எஃப்2 அமத்தி உள்ளே போய் 'எஃப்12 பூட் மெனு'வைத் திறந்துவிட வேண்டும்.

பட்டியல் வருகிறது, பென் மட்டும் இல்லை என்றால், பென்னை வேலை செய்யும் ஒரு கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் தனியாக இருக்கிறதா, வென்டோய் போடாமல்? அப்படியென்றால் யாரோ அதைச் சும்மா கொப்பி பண்ணியிருக்கிறார்கள், அது ஒருநாளும் பூட் ஆகாது. ரூஃபஸால் எழுதியது என்றால் உள்ளே 'ஈஎஃப்ஐ' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'பூட்', அதற்குள் 'பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ' என்ற ஃபைல் இருக்க வேண்டும். யூஇஎஃப்ஐ கணினி தேடி வருவது இந்த ஒரு பெயரைத்தான். அது இல்லை என்றால் பென் பழைய பயோஸுக்கு என்று எழுதப்பட்டிருக்கிறது. ரூஃபஸில் பகுதி முறையை (பென்னைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறையை) ஜிபிடி என்றும் இலக்கை யூஇஎஃப்ஐ என்றும் வைத்துத் திரும்ப எழுதுங்கள். பழைய கோர் டூ டுவோ டெஸ்க்டொப்புகளுக்கு இது தலைகீழ், அங்கே எம்பிஆர் என்ற பழைய பகுதி முறைதான் வேண்டும். சனசமூக நிலையத்தில் பழையதும் வீட்டில் புதியதும் என்று இரண்டையும் பார்க்க வேண்டியவர்கள் வென்டோயை எம்பிஆர் முறையில் போட்டுக்கொண்டால் இரண்டிலும் எழும்பும். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள புதிய லேப்டொப் என்றால் அது வேறு சாதி, இன்டெல், ஏஎம்டிக்கு எழுதிய பென் அதில் ஏறாது.

பென்னும் சரி என்றால் பயோஸில் 'ஃபாஸ்ட் பூட்' என்று இருப்பதை நிறுத்துங்கள், அது நேரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடும். ஹப்பில் குத்தாமல் நேரே கணினியில் குத்துங்கள்.

பென் தெரிகிறது, தெரிவு செய்தால் "செக்யூரிட்டி வயலேஷன்" என்று துரத்துகிறது

செக்யூர் பூட். பயோஸில் இருக்கும் இந்தக் காவல், டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எந்தப் பூட் ஃபைலையும் உள்ளே விடாது. ஹெச்பியில் 'செலக்டட் பூட் இமேஜ் டிட் நொட் ஓதென்டிகேட்' என்று வரும். உடனே அதை நிறுத்திவிடச் சொல்வார்கள், ஆனால் பல நேரம் நிறுத்தாமலே போகலாம்.

வென்டோய் என்றால் முதல் தடவை ஒவ்வொரு கணினியிலும் நீலத் திரை ஒன்று வரும். பயப்படாமல் ஓகே கொடுத்து, அடுத்த திரையில் 'என்ரோல் கீ ஃப்ரொம் டிஸ்க்' என்பதற்குள் போய், 'விடிஓஒய்ஈஎஃப்ஐ' என்பதைத் திறந்து, 'என்ரோல் திஸ் கீ' என்று தொடங்கும் ஃபைலைத் தெரிந்து, கன்டினியூ, யெஸ், ரீபூட். அந்தக் கணினி அதற்குப் பிறகு அந்தப் பென்னை மறக்காது.

'எஸ்பிஏடி' என்ற சொல்லோடு பிழை வந்து கணினி தானே நின்றுவிட்டால், பிரச்சினை உங்கள் ஐஎஸ்ஓ பழையது என்பதுதான். 2024 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பழைய லினக்ஸ் பூட் ஃபைல்களைக் கணினி ஏற்காதபடி செய்தது. முந்தி நன்றாக ஏறிய பென் ஒருநாள் ஏறாமல் போவது இதனால்தான். புது வெளியீட்டை இறக்கிப் போடுங்கள். மிண்ட், உபுண்டு, டெபியன் மூன்றும் கையொப்பத்தோடு வருகின்றன. சிஸ்டம்ரெஸ்கியூ அப்படி இல்லை, அதற்குச் செக்யூர் பூட்டை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஏசரில் அந்தத் தெரிவு மங்கலாக, அமத்த முடியாமல் இருந்தால், முதலில் 'சுப்பர்வைசர் பாஸ்வேர்ட்' ஒன்று வைத்தால் திறக்கும். வைத்த கடவுச்சொல்லை எழுதி வையுங்கள், மறந்தால் பெரிய தலையிடி.

நீலத் திரை வந்து 48 இலக்கம் கேட்கிறது

மேலே சொன்ன விசை இதுதான். செக்யூர் பூட்டை மாற்றியதும் பிட்லொக்கர் "இது அதே கணினிதானா" என்று சந்தேகப்பட்டு மீட்பு விசையைக் கேட்கும். மல்லாவிப் பக்கத்தில் இருந்து ஆசிரியை ஒருவர் போன் எடுத்து, "தம்பி, நான் ஒரு பூட்டும் போடேல்லை, இது ஏன் என்னட்டைக் கேக்குது?" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டில் இருந்து, புதுக் கணினியில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போனதும் பெரும்பாலும் அதுவே குறியாக்கத்தை (டிஸ்க்கைப் பூட்டுவதை) தொடங்கிவிடுகிறது, யாரும் கேட்கத் தேவையில்லை.

"டீச்சர், இதை முதன்முதலில் செட் பண்ணித் தந்தது ஆர்?"

"மகன்தான், கொழும்பில வாங்கி அங்கயே எல்லாம் போட்டுத்தான் அனுப்பினவன்."

விசை மகனுடைய கணக்கில் இருந்தது. இதை வடிவாக மனதில் வையுங்கள்: வெளிநாட்டில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வந்த லேப்டொப் என்றால், முதலில் யாருடைய மின்னஞ்சலைக் கொடுத்து உள்ளே போனார்களோ அவர்களுடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில்தான் விசை கிடக்கும், இன்று அதைப் பாவிப்பவருடையதில் இருக்கத் தேவையில்லை. நீலத் திரையில் ஒரு விசை அடையாளம் இருக்கும், அதன் முதல் எட்டு எழுத்துகளைக் கணக்கில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டால் எந்தக் கணினிக்குரியது என்று தெரியும். திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வாயால் வாசித்தால் பிழை வரும்.

மிண்டில் இருந்தே எடுக்கலாம். கோப்பு உலாவியில் அந்தப் பூட்டிய டிரைவைத் தட்டினால் கடவுச்சொல் கேட்கும், 48 இலக்கத்தையும் இடையில் உள்ள சின்னக் கோடுகளோடு தட்டுங்கள், திறக்கும். விசை எங்குமே இல்லை என்றால் அந்தப் படங்களை எந்தக் கடையும் எடுத்துத் தர முடியாது. எடுத்துத் தருகிறோம் என்று காசு வாங்குபவர்களை நம்பாதீர்கள்.

தொடங்குகிறது, ஆனால் கறுப்புத் திரையில் நிற்கிறது

என்விடியா கார்ட் உள்ள கணினி என்றால் மிண்டின் தொடக்கப் பட்டியலில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள், அநேகமாக அதோடு சரி. 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று எழுதி எழுத்துத் திரையில் நின்றால், பென்னைத் தொடங்கிய பிறகு அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம், வேறு யூஎஸ்பி துளையில் குத்துங்கள், அதற்கும் அசையாவிட்டால் ஐஎஸ்ஓவை முன்பு சொன்னபடி சரிபாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நின்றால் ராம் மேல் சந்தேகம் வர வேண்டும். மெம்டெஸ்ட்86+ 2022இல் வந்த ஆறாம் பதிப்பில் இருந்து யூஇஎஃப்ஐயிலும் ஓடும், ஒரு சுற்று முடியும்வரை விடுங்கள், ஒரு சிவப்புக் கோடு வந்தாலும் ராமைக் கழற்றிப் பின்களைத் துடைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நம்முடைய செம்மண் புழுதி ஃபேன் வழியாக எங்கெல்லாம் போய் இருக்கும் என்று லேப்டொப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் ஏறுகிறது, உள்ளே இருக்கும் டிஸ்க்கைத்தான் காணவில்லை

விண்டோஸ் நிறுவும் திரையில் டிரைவ் பட்டியல் வெறுமையாக இருந்தால் "டிஸ்க் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். இன்டெல்லின் 11ஆம் தலைமுறையில் இருந்து வரும் பல லேப்டொப்புகளில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற இன்டெல் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பின்னால் இருக்கும், அதற்குரிய டிரைவரைக் கணினி நிறுவனத்தின் தளத்தில் இருந்து இறக்கி விரித்துப் பென்னில் போட்டு 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும். அதே கணினியில் மிண்டைப் போட்டால் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே தெரியும், ஆகவே படம் எடுக்க மட்டும் என்றால் வேலை சுலபம். அதற்கு முந்திய தலைமுறைகளில் டிஸ்க்கை 'ஆர்எஸ்டி' அல்லது 'ரெய்ட்' என்ற இணைப்பு முறையில் வைத்திருந்தால் லினக்ஸுக்கும் தெரியாது. பயோஸில் அதை ஏஹெச்சிஐ (சாதாரண இணைப்பு முறை) என்று மாற்றினால் தெரியும், ஆனால் வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்லாக இருந்த விண்டோஸும் 'இன்எக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று விழும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் வாசிக்க மட்டும்தான் விடுகிறது

விண்டோஸ் முழுதாக நிற்காமல் அரைத் தூக்கத்தில் இருந்திருக்கிறது, 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' செய்யும் வேலை. வெளியே எடுப்பதற்கு வாசிப்பதே போதும். எழுத வைக்க வற்புறுத்தாதீர்கள், அப்படியே கொப்பி பண்ணுங்கள்.

கொப்பி ஊர்கிறது, நிற்கிறது, டிஸ்க் டிக் டிக் என்கிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். சாகப்போகும் டிஸ்க்கில் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கருவி) ஓட்டாதீர்கள், அது திருத்துகிறேன் என்று எழுதத் தொடங்கும், டிஸ்க்குக்கு எழுதும் சக்தி இல்லை. ஃபோல்டரை இழுத்துக் கொப்பி பண்ணவும் வேண்டாம், ஒரு கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சுரண்டும். சிஸ்டம்ரெஸ்கியூவில் டிடிரெஸ்கியூ என்ற பிரதி எடுக்கும் கருவி இருக்கிறது. அது முதலில் சுலபமாக வாசிக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு, கஷ்டமான இடங்களுக்குக் கடைசியில்தான் வரும்.

கட்டளையில் மூன்று பெயர் கொடுக்க வேண்டும்: முதலாவது பழுதான டிஸ்க், இரண்டாவது பிரதி போக வேண்டிய இடம், மூன்றாவது மேப் ஃபைல் (எதுவரை வாசித்தது என்று குறித்து வைப்பது). முதலும் இரண்டும் மாறினால் எல்லாம் அழியும், அதனால் டிஸ்க்குகளின் அளவைப் பார்த்து எது எது என்று பேப்பரில் எழுதி, வாசித்து, பிறகு என்டர் அமத்துங்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் எங்களுக்கு அதுதான் உயிர். மாரி காலத்தில் இடி இடித்ததும் கரண்ட் போகும், 500 ஜிபி டிஸ்க் ஒன்று ஒரு பகல் ஒரு இரவு என்று இழுக்கலாம். மேப் ஃபைல் இருந்தால் கரண்ட் வந்த பிறகு அதே கட்டளையைத் திரும்பக் கொடுக்க விட்ட இடத்தில் இருந்து தொடரும். அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், மீட்புச் சிஸ்டத்தின் டெஸ்க்டொப்பில் வைத்தால் அது ராமில் இருப்பது, கரண்டோடு அதுவும் போய்விடும். வெளி டிஸ்க்கில் பழுதான டிஸ்க்கின் முழு அளவுக்கும் இடம் இருக்க வேண்டும், அது ஃபேட்32ஆக இருக்கவும் கூடாது.

பிரதி முழுதாக வந்த பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். அழிந்த பகுதிகளைத் தேடும் டெஸ்ட்டிஸ்க்கையோ படங்களைத் தோண்டி எடுக்கும் ஃபோட்டோரெக்கையோ அந்தப் பிரதியின் மேல்தான் ஓட்ட வேண்டும். ஃபோட்டோரெக் எடுத்த படங்களுக்குப் பெயர் இருக்காது, எண்கள்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் வரும், பாதி இணையத்தில் இருந்து வந்த சின்னச் சின்னச் சின்னங்களாக இருக்கும், அளவின்படி அடுக்கிப் பெரியவற்றை முதலில் பாருங்கள், குடும்பப் படங்கள் அங்கேதான் கிடைக்கும்.